எலுமிச்சம்பழம் நசுக்கிப் போன லாரி

தம்பியின் கால் போன இடத்தைப் பார்க்க நான் போனபோது தரை ஈரமாக இருந்தது. மஞ்சள் தண்ணீர் தெளித்த வாசம் இன்னும் போகவில்லை. பட்டறை வாசலில் குங்குமம் கலந்த பூசணிக்காய் சிதறிக் கிடந்தது. உள்ளே, லாரி நின்றிருக்க வேண்டிய இடத்தில் லாரி இல்லை. டயர் ஏறி நசுங்கிய எலுமிச்சம்பழங்கள்தான் தரையோடு தரையாக ஒட்டிக் கிடந்தன. எனக்கு வந்த கோபத்துக்கு யாரையாவது அங்கேயே அடித்திருப்பேன். கைக்கு எட்டும் தூரத்தில் ஒருவரும் நிற்கவில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நாமக்கல்லில் சாலை நெடுக வரிசையாக இருக்கும் லாரி பாடி கட்டும் பட்டறைகளில் ஒன்றில் தம்பி வெல்டர். ஜல்லி ஓட்டும் டிப்பர் ஒன்று, பாடியின் அடிப்பக்கம் விரிசல் விட்டு, ஒட்டுப் போட வந்திருக்கிறது. பாடியை அதன் ஜாக்கியாலேயே மேலே தூக்கி நிறுத்திவிட்டு, கீழே நுழைந்து வெல்டிங் வைக்க வேண்டும். ஜாக்கி ஆயில் பலத்தில் நிற்பது. ஆயில் போகும் ஹோஸ் எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம். அதனால் தூக்கிய பாடிக்கும் கீழே இருக்கும் இரும்புச் சட்டமான சேஸிஸுக்கும் நடுவில் கனமான இரும்பு முட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுத்தான் ஆள் உள்ளே போக வேண்டும். அன்றைக்கு முட்டு கொடுக்கவில்லை. ஹோஸ் வெடித்தது, பாடி இறங்கியது. தம்பி உடம்பை வெளியே இழுத்துக்கொண்டான். இடது கால் உள்ளே மாட்டிக்கொண்டது.

முட்டு கொடுக்கவில்லை என்று எழுதுவது சுலபம். கொடுப்பதற்கு முட்டு இருந்ததா இல்லையா என்பதில்தான் என் தம்பியின் மிச்ச வாழ்க்கை இருந்தது. இருந்தும் அவன் கொடுக்கவில்லை என்றால் தப்பு அவனுடையது. சட்டப்படி அவனுக்குச் சேர வேண்டியதைக்கூட அதைச் சொல்லியே தட்டிக்கழித்துவிடலாம். கவனமில்லாமல் காலை விட்டுக்கொண்ட பயல் என்ற பேர் வேறு வந்து சேரும். முட்டே இல்லை என்றால் தப்பு பட்டறை நடத்துபவருடையது. அது இருந்ததா என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அந்த இடம்தான். அந்த இடத்தைத்தான் இவர்கள் கழுவி, பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து வைத்திருந்தார்கள்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், நான் பள்ளிபாளையம் பக்கம் ஒரு பெரிய ஆலையில் முதலுதவி அறை நர்ஸ். விரலில் சிராய்ப்பு, கண்ணில் தூசி, வெயிலில் மயக்கம் என்று தினமும் யாராவது வந்து பெஞ்சில் உட்காருவார்கள். அங்கே பாதுகாப்பு வகுப்பு எடுக்கும்போதெல்லாம் என்னையும் உட்கார வைப்பார்கள். பெரிய விபத்து நடந்தால் முதலில் ஆளை எடு, கரண்டை நிறுத்து, இன்னொருத்தனுக்கு ஆபத்து வராமல் பார். அதற்கு மேல் எதையும் தொடாதே. செருப்பு கழன்று கிடந்தால் கிடக்கட்டும். சுற்றிக் கயிறு கட்டு, படம் எடு, பார்க்க வேண்டியவர்கள் வந்து பார்க்கும்வரை காவல் இரு. இவ்வளவுதான் பாடம்.

ஆரம்பத்தில் எனக்கே இது பிடிக்கவில்லை. ஒருமுறை எங்கள் ஆலையில் ஒருவர் ஏணியிலிருந்து விழுந்து மண்டை உடைந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் அவர் ரத்தம் அடுத்த ஷிப்டு வரை அப்படியே தரையில் கிடந்தது. கூட்டும் அம்மா வாளியோடு வந்து, "ஏனுங்க சிஸ்டர், மனுச ரத்தத்தை எத்தன நேரந்தான் இப்படிப் போட்டு வெப்பாங்க? இவங்களுக்கெல்லாம் மனசே இல்லீங்களா?" என்று என்னிடம் சண்டைக்கு நின்றார். எனக்கும் அவர் பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் பட்டது. பிறகு ஏணியின் காலுக்கடியில் ரப்பர் தேய்ந்துபோயிருந்ததை அந்த இடத்திலேயே வைத்துக் கண்டுபிடித்தார்கள். ஏணிகளை எல்லாம் மாற்றினார்கள். ரத்தத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பதற்கும் ஒரு மனசு வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

தம்பிக்கு அடிபட்ட சேதியைப் போனில் சொன்னவன் அவன் சிநேகிதன். அதே பட்டறையில் ஃபிட்டர். சின்ன வயதிலிருந்து இருவரும் ஒன்றாகச் சுற்றியவர்கள். எங்கள் வீட்டுச் சோற்றைத் தின்று வளர்ந்தவன் என்றே சொல்லலாம். "அக்கா, பதறாதீங்க. கால்ல அடிங்க. சேலத்துக்குத் தூக்கிட்டுப் போறாங்க, நேரா அங்க போயிருங்க" என்றான். அவன் குரலை வைத்தே அடி எப்பேர்ப்பட்டது என்று தெரிந்துவிட்டது.

சேலம் ஆஸ்பத்திரியில் தம்பியைத் தள்ளுவண்டியில் வைத்து ஆபரேஷனுக்குக் கொண்டுபோகிற நேரத்தில் நான் போய்ச் சேர்ந்தேன். அவன் மனைவி சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தாள். தம்பியின் தொடையில் ஒரு துண்டை முறுக்கி இறுக்கிக் கட்டியிருந்தார்கள். நர்ஸ் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கட்டு இல்லாவிட்டால் அவன் வழியிலேயே போயிருப்பான். கட்டியது சிநேகிதன்தான் என்று தம்பி மனைவி சொன்னாள். தம்பி என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, முட்டு கேட்டேன்க்கா. இருந்த ஒண்ணும் அந்தக் கடைசில நிக்கற வண்டிக்கு அடியில இருந்துச்சு. 'சும்மா ரெண்டு டாக்கு வெல்டிங் அடிச்சுட்டு வாடா, அஞ்சு நிமிச வேலைக்கு முட்டு என்னத்துக்கு'ன்னாரு மொதலாளி."

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னான். காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கதவு மூடிக்கொண்டது. நான் அழுவதற்கு முன்னால் போனை எடுத்து அவன் சிநேகிதனைக் கூப்பிட்டேன். "எதையும் தொடாதே. யாரையும் தொட விடாதே. வண்டியை நகர்த்தாதீங்க, ரத்தத்தைக் கழுவாதீங்க, அந்த ஹோஸ் அப்படியே கெடக்கட்டும். சுத்திக் கயிறு கட்டிரு" என்றேன். அந்தப் பக்கம் குழாயை மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "சரிங்கக்கா. நீங்க அவனைப் பாருங்க. இங்க எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றான். நம்பி போனை வைத்தேன்.

மறுநாள், முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள், உயிருக்குப் பயமில்லை என்று தெரிந்த பிறகு, தம்பி மனைவியை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுப் பட்டறைக்கு வந்தேன். அப்போது பார்த்ததைத்தான் முதலில் சொன்னேன்.

முதலாளி ஆபீஸ் அறையிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. நாற்காலியைத் தன் துண்டாலேயே தட்டிப் போட்டார்.

"வாங்க அம்மிணி, உக்காருங்க. தம்பிக்கு இப்ப எப்படிங்க இருக்குது? ராத்திரி பூரா எனக்குத் தூக்கமே இல்லீங்க."

"லாரி எங்கீங்க?"

"அது கரூர் வண்டிங்க. லோடு நிக்குதுன்னு ஓனரு விடியறதுக்குள்ள வந்து உக்காந்துட்டாரு. நேத்தே போலீஸ்காரங்க வந்து பாத்து போட்டோ எடுத்துட்டாங்களே, அப்பறம் என்னங்க? ஹோஸை மாத்தி, சாமி கும்பிட்டு அனுப்பி வெச்சாச்சு."

"தரையை ஏனுங்க கழுவினீங்க?"

"ஏனுங்க அம்மிணி, இன்னைக்கு வெள்ளிக்கிழமைங்க. ரத்தம் கெடந்த எடத்துல எப்படிங்க வேலை பாக்கறது? பசங்கதான் கழுவுனாங்க. நான் சொல்லக்கூட இல்லீங்க."

"முட்டு இல்லைன்னு தம்பி சொல்றான்."

அவர் கையை நீட்டிக் காட்டினார். டிப்பர் நின்ற இடத்துக்குப் பக்கத்தில், சுவரோரம், மஞ்சள் பெயின்ட் அடித்த இரும்பு முட்டு ஒன்று நின்றது. "அதா நிக்குதுங்களே" என்றார்.

இதைப் பிற்பாடு எத்தனையோ முறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. நேற்று இருந்தது என்று அவர் வாயிலிருந்து வரவே இல்லை. நிற்கிற ஒன்றை நிற்கிறது என்றார். அதற்கு மேல் நாமே அர்த்தம் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

வீட்டில் திருட்டுப் போனால் வீடாவது நின்ற இடத்தில் இருக்கும். இங்கே சாட்சியே டயரில் ஓடுகிற சாதி. சக்கரத்துக்குச் சக்கரம் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, அதைக் கரூருக்கு அனுப்பிவிட்டார்கள். அந்நேரம் அது எந்தக் குவாரியில் ஜல்லி ஏற்றிக்கொண்டிருந்ததோ. வண்டி எங்கேயும் நிற்கக் கூடாது, நின்றால் தரித்திரம் என்று நினைக்கிற ஊர் இது. மனுஷன் கால் ஒடிந்து கிடக்கலாம், வண்டி நிற்கக் கூடாது.

வெடித்த ஹோஸையாவது எடுத்து வைப்போம் என்று பட்டறைக்குப் பின்னால் இருந்த இரும்புக் குப்பைக்குப் போனேன். ஆலை யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வந்திருந்தேன். அந்த வெள்ளைச் சேலையோடு துருப்பிடித்த தகடுகளுக்கு நடுவில் குத்தவைத்து உட்கார்ந்து கிளறினேன். ஹோஸ் கிடைத்தது. ஒன்று அல்ல, அள்ள அள்ள வந்தது. எல்லாம் கிரீஸ் படிந்து, எல்லாம் பக்கவாட்டில் பிளந்து. தம்பியின் காலை எடுத்தது எது என்று கேட்டால் கடவுளுக்கே தெரியாது. அங்கே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் கைவேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அவர்களில் சிநேகிதனும் ஒருவன். கிட்டே வராமல் தலையைக் குனிந்துகொண்டான். முதலாளிக்குப் பயந்து நிற்கிறான் என்று நினைத்தேன்.

போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டு தன் போனில் இருந்த படத்தைக் காட்டினார். தூக்கி நிறுத்திய பாடி. அதற்கும் சேஸிஸுக்கும் நடுவில், வகுப்பில் படம் போட்டுக் காட்டுவது மாதிரி, அம்சமாக அந்த மஞ்சள் முட்டு. "முட்டு இப்படி நின்னிருந்தா பாடி எப்படிங்க எறங்கும்?" என்று கேட்டேன். "ஆளை வெளிய எடுக்கறதுக்குக் கிரேன் வெச்சுத் தூக்கியிருக்காங்க. தூக்கினதும் பத்திரத்துக்கு முட்டு குடுத்திருப்பாங்க. உங்க தம்பி இதை மொதல்லயே குடுத்திருந்தா இந்தக் கதியே இல்லீங்களே" என்றார். அவரைத் தப்புச் சொல்ல முடியாது. கண்ணால் பார்த்ததைச் சொன்னார். பார்க்கிறதற்கு முன்னால் கண்காட்சி வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை தொழிற்சாலைத் துறை அதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போனார். கழுவிய தரையையும் சுவரோரம் நின்ற அந்த இரும்பையும் போலீஸ் படத்தையும் பார்த்தார். வேறு பார்க்க அங்கே என்ன இருந்தது? முட்டு இருந்தும் பயன்படுத்தவில்லை என்று தோன்றுவதாகவும், விசாரணைக்கு எல்லோரும் வர வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனதாகக் கேள்விப்பட்டேன்.

தம்பி மோகனூர் ரோட்டில் இருக்கும் தன் வீட்டுக்கு வந்த பிறகு, ஆலையில் விடுப்புக் கிடைக்கும்போதெல்லாம் போய்க் கட்டு மாற்றிவிட்டு வருவேன். மாற்றும்போதெல்லாம் அந்த முதலாளியைத் திட்டிக்கொண்டேதான் மாற்றுவேன். அவசர அவசரமாக முட்டு வாங்கிக்கொண்டு வந்து நட்டுவிட்டான், ஏட்டு வருவதற்குள் நட்டுவிட்டான், இவன் உருப்படுவானா என்று வாய்க்கு வந்ததெல்லாம். தம்பி சிரிப்பான். "மெதுவாக்கா, மருந்து எரியறதவிட உன்ற வாய்தான் எரியுது" என்பான். அவன் அப்படிச் சிரித்தது எனக்கு ஆறுதலாக இருந்ததா, எரிச்சலாக இருந்ததா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

சிநேகிதன் தினமும் வேலை முடிந்ததும் வந்துவிடுவான். தம்பியைத் தூக்கிக் குளிப்பாட்டுவது, வெளியே கொண்டுபோய் உட்கார வைப்பது எல்லாம் அவன்தான். ஒரு சாயங்காலம் நான் வழக்கம்போலத் திட்டிக்கொண்டிருந்தபோது, கையில் டீ டம்ளரோடு நின்றவன், அதைக் குடிக்காமல் ஜன்னல் மேல் வைத்தான்.

"அக்கா, மொதலாளி வெக்கலீங்க. முட்டு நான்தான் வெச்சேன்."

எனக்குப் புரியவில்லை. தம்பியைப் பார்த்தேன். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

"கிரேன் வெச்சுத் தூக்கி இவனை ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டேனுங்க்கா. திரும்பிப் பாத்தா பாடி தொங்கிட்டு நிக்குது, அடியில முட்டு இல்ல. போலீஸ் வந்தா என்ன கேப்பாங்க? 'முட்டு வெக்காம எவன்டா உள்ள போனான், கொழுப்பாடா அவனுக்கு'ன்னு இவனைத்தானே கேப்பாங்க. இவன் மேல கேசு வந்துருச்சுன்னா? அதான் பக்கத்துப் பட்டறைக்கு ஓடி, அவங்க முட்டு ஒண்ணைத் தூக்கிட்டு வந்து வெச்சுட்டேன். நீங்க போன் பண்ணுனப்ப வெச்சு முடிச்சு அப்பத்தான் கையைக் கழுவிட்டு நிக்கறேனுங்க."

"தரை?"

"அதும் நாங்கதானுங்க. நாய் வந்து மோந்துச்சுங்க்கா. இவன் ரத்தத்தை நாய் நக்கறதைப் பாத்துட்டு எப்படிங்க நிக்கறது? அல்லாரும் சேந்துதான் கழுவுனோம். மஞ்சத் தண்ணி நான்தான் தெளிச்சேன்."

அன்றைக்கு நான் கத்திய கத்தலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். நான் கத்தியதில் பாதி இப்போது நினைவில்லை. மீதியை எழுத முடியாது. நான் போனில் சொன்னபோதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நல்லதுக்குத்தானே பண்ணுனோம்னு இருந்துட்டேனுங்க்கா" என்றான். அந்த நல்லது என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு மண்டைக்குள் ஏதோ அறுந்துவிட்டது.

ஒரு மனிதனுக்காக எதை எதையோ செய்யத் தெரிகிறது நம் ஆட்களுக்கு. துண்டை முறுக்கி உயிரைக் காப்பாற்றத் தெரிகிறது. பக்கத்துப் பட்டறைக்கு ஓடி, இரண்டு பேர் தூக்கும் இரும்பைத் தனியாளாகத் தூக்கி வரத் தெரிகிறது. பூசணிக்காய் சுற்றி உடைக்க, சூடம் ஏற்ற, மஞ்சள் கரைக்கத் தெரிகிறது. கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்க மட்டும் தெரியவில்லை. பிரியம் என்றால் உடனே எதையாவது எடுத்து எங்கேயாவது வைத்தாக வேண்டும். போலீஸ் என்றால் நம்மைத்தான் அடிக்கும், தப்பு என்றால் அது நம் மேல்தான் விழும் என்று ரத்தத்தில் ஊறிப்போயிருக்கிறது. வேலைக்காரனைக் காப்பாற்றுவதாக நினைத்து முதலாளியைக் காப்பாற்றிவிட்டார்கள். அவருக்காக ஒருவன்கூட விரலை அசைக்கவில்லை. ஆனாலும் எல்லாம் அவருக்காகவே நடந்த மாதிரி ஆகிவிட்டது.

ஆங்காரம் அடங்கியதும் அவனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். விசாரணையில் வந்து இதைச் சொல்ல வேண்டும். முட்டு பட்டறையில் இல்லை, வேறு இடத்திலிருந்து நான்தான் எடுத்து வந்தேன் என்று சொன்னால் போதும். வேலை போய்விடும் என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். இவனை வெளியே அனுப்பினால் அந்தச் சாலையில் வேறு எந்தப் பட்டறையும் சேர்த்துக்கொள்ளாது. அவனுக்கு இரண்டும் பெண் பிள்ளைகள், சின்னவள் இப்போதுதான் பள்ளிக்கூடம் போகிறாள்.

"சொல்றேனுங்க்கா" என்றான் கடைசியில். "இவனுக்குக் கால் போன பொறவு எனக்கு என்னங்க வேலை பெருசு." அவன் போன பிறகு அவன் வைத்துவிட்டுப் போன டீயை எடுத்து வெளியே ஊற்றினேன். ஆடை கட்டியிருந்தது.

விசாரணை நாளில் தம்பியை ஊன்றுகோலோடு ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனோம். அலுவலகத்தில் அதிகாரிக்கு எதிரே முதலாளி, அவர் கூட்டி வந்த வக்கீல், இந்தப் பக்கம் நாங்கள். அதிகாரி கெட்டவர் இல்லை. தம்பிக்கு மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போடச் சொன்னார். பேச்சைப் பாதியில் வெட்டாமல் கேட்டார். தம்பி ஆஸ்பத்திரியில் சொன்னதையே சொன்னான். முட்டு கேட்டேன், ஐந்து நிமிஷ வேலைக்கு எதற்கு என்றார் இவர். முதலாளி, நான் அப்படி எதுவும் சொன்னதாக நினைவில்லைங்க, வேலை நெருக்கடியில் யார் என்ன கேட்டார்கள் என்று எனக்கு எப்படிங்க தெரியும், முட்டு படத்தில் இருக்கிறதே என்றார். பிறகு சிநேகிதனைக் கூப்பிட்டார்கள்.

அவன் எழுந்து நின்றான். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டான். "அந்த முட்டு எங்க பட்டறையுது இல்லீங்க. நான்தான்…" என்று ஆரம்பித்தான்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "இருங்க. நீங்க சொல்ல வர்றது என்னன்னு புரிஞ்சுதான் சொல்றீங்களா? விபத்து நடந்த இடத்துல, நாங்க வந்து பார்க்கறதுக்கு முன்னாடி, நீங்க ஒண்ணைக் கொண்டுவந்து வெச்சேன்னு சொல்றீங்க. இதை நான் எழுதிக்கிட்டா, சாட்சியைக் கலைச்சதுக்கு உங்க மேலயும் போலீஸ் கேஸ் வரலாம். பயமுறுத்தறதுக்குச் சொல்லலை. தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லுங்க."

அவர் சொன்னது முறைதான். தெரியாமல் ஒருவன் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்றுதான் சொன்னார். ஆனால் அந்த அறையில் கேஸ் என்ற சொல் விழுந்த விதம் இருக்கிறதே. சிநேகிதன் முகம் வெளுத்துவிட்டது. முதலாளி மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லுடா, சொல்லித் தொலைடா என்று நான் மனசுக்குள் அடித்துக்கொண்டேன். அவன், "தெரியுமுங்க, பரவால்லீங்க, நான்தான்…" என்று மறுபடியும் வாயைத் திறந்தான்.

"சார்" என்றான் தம்பி.

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

"முட்டு இருந்துச்சுங்க சார். நான்தான் வெக்கல. அவனை உக்காரச் சொல்லுங்க."

அதிகாரி, சற்று முன்னால் வேறு மாதிரிச் சொன்னீர்களே என்று கேட்டார். "வலியில என்னமோ சொல்லிட்டேனுங்க. இப்பச் சொல்றதுதான் நெசம்" என்றான் தம்பி. நான் எழுந்து, பொய் சொல்கிறான், இவனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறான் என்று கத்தினேன். உட்காருங்கம்மா என்றார்கள். எழுதிக்கொண்டார்கள். தம்பி கையெழுத்துப் போட்டான்.

வராந்தாவுக்கு வந்ததும் அவன் சட்டையைப் பிடித்தேன். "யாரைக் கேட்டுடா சொன்னே? உனக்காக நான் குப்பையைக் கிளறினேன்டா. ஸ்டேஷன் ஸ்டேஷனா அலைஞ்சேன்டா. பல்லைக் கடிச்சுட்டு இன்னும் ஒரு நிமிசம் சும்மா இருந்திருக்கக் கூடாதா?"

"அவன் மட்டும் இல்லைன்னா நான் இன்னைக்கு இல்லைக்கா" என்றான். "எனக்குக் கால் போச்சு. அவனைக் கொண்டுபோய் உள்ள வெச்சா மொளச்சுருமா?"

சட்டையை விட்டுவிட்டேன். கோபம் மட்டும் இன்னும் ஏறியது. தம்பி மேல், அந்த மடையன் சிநேகிதன் மேல், நல்லவராக இருந்து எச்சரித்த அதிகாரி மேல், எல்லோர் மேலும். அவர்கள் எல்லோருமாவது ஏதோ ஒன்றைச் செய்தார்கள். முதலாளி, விபத்துக்கு அப்புறம், வண்டியை அனுப்பத் தலையாட்டியதைத் தவிர எதுவுமே செய்யவில்லை. தரையைக் கழுவவில்லை, முட்டு கொண்டுவந்து வைக்கவில்லை, வாய் திறந்து ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. இன்னொரு முட்டு வாங்கிப் போட்டிருக்க வேண்டும், அதையும் செய்யவில்லை. ஒன்றுமே செய்யாமல் ஒரு மனிதர் இவ்வளவு சுத்தமாக வெளியே வர முடியும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவர் எங்களுக்குப் பின்னாலேயே வந்தார். வாசலில் படி உயரம். தம்பி ஊன்றுகோலை முதலில் வைப்பதா காலை வைப்பதா என்று தயங்கி நின்றான். முதலாளி ஓடி வந்து அவன் கக்கத்தில் கை கொடுத்தார். "பாத்துப் பாத்து, மெதுவா எறங்கு சாமி" என்றார். நிஜமான அக்கறையோடுதான் சொன்னார்.

"ரொம்ப நன்றிங்க" என்றான் தம்பி.

நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். ஓங்கித் தட்டிவிட்டேன். தம்பிக்குப் பிடிமானம் போய், ஊன்றுகோல் வழுக்கி, முன்னால் சாய்ந்தான். நான் எட்டிப் பிடிப்பதற்குள் கீழ்ப்படியில் நின்ற சிநேகிதன் இரண்டு கையாலும் அவனை அள்ளிப் பிடித்துக்கொண்டான். பிடித்தவன் விடவில்லை. அப்படியே நெஞ்சோடு தூக்கிக்கொண்டு ஆட்டோ வரைக்கும் நடந்தான்.